473-ம் 474-ம்: ஒரு கண்டென்சரின் கதை

போன மாதம் நண்பனுக்காக ஒரு கிடார் பெடல் செய்தேன். கடையில் வாங்கினால் சில ஆயிரங்கள் ஆகும். காலேஜ் கல்சுரல்ஸுக்கோ பத்தே நாள். தாம்பரத்தில் ரயில் ஏறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, ரிச்சி தெருவில் பாகங்கள் வாங்கி, ராத்திரி முழுக்க சால்டர் வைத்து முடித்தேன். நண்பன் வாசித்துவிட்டுச் சொன்னான்: "என்ன மச்சி, தண்ணிக்குள்ள உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இருக்கு!"

காரணம் இதுதான். 473 என்று அச்சிட்ட கண்டென்சர் இருக்க வேண்டிய இடத்தில் 474-ஐ வைத்திருந்தேன். ஒரே ஒரு இலக்கம்! அதைத் தேடப்போய் ஒரு குட்டி வரலாறே கிடைத்தது.

பாடப்புத்தகம் மின்தேக்கி என்று சொல்வதைத்தான் கடைக்காரர்கள் இன்னும் கண்டென்சர் என்கிறார்கள். 1745-46ல் வான் க்ளைஸ்ட், முஷன்ப்ரூக் என்ற இருவர் தனித்தனியே கண்டுபிடித்த 'லெய்டன் ஜாடி'தான் இதன் மூதாதை. இதன் முக்கிய குணம்: வேகமான அதிர்வுகளை எளிதில் விடும், மெதுவானவற்றைத் தடுக்கும். எங்கே கோடு போடுவது என்பதை அதன் அளவும், கூட இருக்கும் ரெசிஸ்டரும் தீர்மானிக்கும்.

கரகர ஒலி பிறந்தது ஒரு விபத்தில். 1961ல் வெளியான மார்ட்டி ராபின்ஸ் பாட்டு ஒன்றின் நாஷ்வில் பதிவில் மிக்ஸிங் கருவி பழுதாகி கிடார் உறுமியது. பொறியாளர் க்ளென் ஸ்னாடி அதையே ஒரு கருவியாக்க, 1962ல் 'மேஸ்ட்ரோ ஃபஸ் டோன்' கடைக்கு வந்தது. பிறகு 1960களின் நடுவில் லண்டனிலிருந்து 'ரேஞ்ச்மாஸ்டர்' வந்தது. அதன் வாசலில் 0.005 மைக்ரோஃபாரட் கண்டென்சர். அவ்வளவு சின்னது என்பதால் கீழ் ஒலிகள் உள்ளேயே வராது, மேல் ஒலிகள் மட்டும் சீறும்.

நான் காப்பியடித்தது 1979ல் ஜப்பானில் சுசுமு தமுரா வடிவமைத்த 'ட்யூப் ஸ்க்ரீமர்'. அதில் 0.047 மைக்ரோஃபாரட் கண்டென்சரும் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் சேர்ந்து 720 ஹெர்ட்ஸில் கோடு போடுகின்றன. அதற்குக் கீழே போகப்போக பெருக்கம் குறையும். நான் வைத்த 474 என்பது 0.47. கோடு 72 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிட்டது! கிடாரின் தடித்த தந்தியே 82 ஹெர்ட்ஸ்தான். அடி ஒலி மொத்தமும் உடைந்து குழம்பியதில் ஆச்சரியம் என்ன?

சரி, அது ஏன் 47? அழகாக 50 என்று வைத்திருக்கலாமே? பழைய ரேடியோ வரைபடங்களில் 0.05, 0.005 என்றுதான் இருக்கும். நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. 1949ல் தொடங்கியபோதே எலக்ட்ரானிக்ஸ் ஒரு பாடம் (எழுத்தாளர் சுஜாதா அங்கே படித்தது அதைத்தான்). அது அந்த 0.05 காலம். 1952ல்தான் சர்வதேசத் தர அமைப்பு 10, 15, 22, 33, 47, 68 என்ற வரிசையை வெளியிட்டது. ஒவ்வொன்றும் முந்தையதைப் போல் ஏறக்குறைய 1.47 மடங்கு. 20 சதவீதம் கூடக்குறைய இருந்தாலும் ஆறே எண்களில் எல்லா அளவும் அடங்கிவிடும்.

ஆக, 47 என்பது மந்திர எண் அல்ல. 20 சதவீதம் தவறினால் அந்தக் கோடு 600க்கும் 900க்கும் இடையே எங்கும் விழலாம். 47க்கும் 50க்கும் உள்ள வித்தியாசம் அதில் காணாமலே போய்விடும். "ஒரிஜினல் 0.047 இருந்தால்தான் அந்த டோன்" என்பவர்கள் இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். :)

கடைசியில் என்ன ஆச்சு? 473 போட்டதும் குழப்பம் போனது. ஆனாலும் நண்பனுக்கு ஒலி ஒல்லியாக இருந்ததாம். அவன் குழுவில் பேஸ் கிடார் கிடையாது. 104 (அதாவது 0.1) போட்டோம். கோடு 340 ஹெர்ட்ஸுக்கு வந்தது. "இதுதான்டா!" என்றான்.

எண்களைக் குறுக்கிக் கொடுத்தது தர அமைப்பு. அவற்றில் எது வேண்டும் என்று சொல்ல வேண்டியது காதுதான்.