மரத்தின் நிறை எங்கிருந்து வந்தது?



சிறு விதையொன்று சில்லாண்டுகளில் அடிபருத்த மரமாகி நிற்கின்றது. அந்த நிறையெல்லாம் எங்கிருந்து வந்தது? மண்ணிலிருந்தே என்பது அரிஸ்தோத்திலின் வழிவந்தோர் கொள்கை. அதனைத் தராசில் இட்டுப் பார்த்தவர் பிரசெல்சு நகரிற் பிறந்த மருத்துவர் வான் ஹெல்மொன்ற்.

உலர்த்திய மண் 200 இறாத்தலைச் சாடியொன்றில் நிரப்பி, 5 இறாத்தல் நிறையுள்ள வில்லோ மரக்கன்றை அவர் நட்டார். மழைநீரோ வடித்த நீரோ அன்றி வேறெதுவும் இட்டாரல்லர். தூசி விழாதவாறு சாடியின் வாயைத் துளையிட்ட தகட்டினால் மூடியும் வைத்தார். ஐந்தாண்டுகளின் பின் மரம் 169 இறாத்தலும் ஏறக்குறைய 3 அவுன்சும் நிறுத்தது. மண்ணிற் குறைந்ததோ ஏறக்குறைய 2 அவுன்சே. ஆகவே நீரே மரமாயிற்று என்று முடிவு கட்டினார். அவர் இறந்தபின், 1648 இல், மைந்தர் வெளியிட்ட நூலில் இச்செய்தி உள்ளது.

அதே நூலில் இன்னொன்றும் உண்டு. 62 இறாத்தல் ஓக் மரக்கரியை எரித்தால் ஓர் இறாத்தல் சாம்பரே எஞ்சும். மிகுதி கண்ணுக்குப் புலனாகாத ஆவியாய்ப் போய்விடும் என்கிறார். 'காஸ்' என்னும் சொல்லைப் படைத்து அவ்வாவிக்கு இட்டவரும் அவரே. நாம் காபனீரொட்சைட்டு என்பது அதுதான். மரத்தைக் கட்டிய பொருளே தம் அடுப்பிலிருந்து பறந்து போவதை அவர் அறிந்தாரில்லை! வினாவும் விடையும் ஒருவரின் ஏட்டிலேயே கிடந்தும், அவை ஒன்றையொன்று காண ஒன்றரை நூற்றாண்டு சென்றது.

இடையில் வந்தோரைச் சுருக்கமாகவே சொல்லலாம். மெழுகுதிரி அணைந்த காற்றைப் புதினாக் கிளை மீண்டும் நல்லதாக்குவதை 1771 இல் பிரீஸ்ற்லி கண்டார். அதற்குப் பச்சை இலையும் சூரிய ஒளியும் வேண்டும் என்று 1779 இல் இங்கன்ஹவுஸ் காட்டினார். காபனீரொட்சைட்டும் வேண்டும் என்றார் செனெபியர். ஜெனீவாவைச் சேர்ந்த சோசூர் 1804 இல் அனைத்தையும் அளந்து, காற்றின் காபனும் நீரும் சேர்ந்தே தாவர உடலாகின்றன என்று நிறுவினார். வான் ஹெல்மொன்ற் கூறியதில் ஒரு பாதி உண்மையே.

பெற்ற காபனை மரம் எங்கே செலவிடுகின்றது என்பது அடுத்த வினா. நிழலில் நிற்கும் கன்று இலைக்கும் தண்டுக்கும் கூடிய பங்கைக் கொடுக்கும். வறண்ட மண்ணிலோ சத்துக் குறைந்த மண்ணிலோ வேருக்கே முதலிடம். எது குறைகின்றதோ அதைத் தேடும் உறுப்புக்கே முதல் போடுகின்றது. நல்ல குடும்பத் தலைவன் செய்வதும் இதுவே.

காற்றிற் காபனீரொட்சைட்டுப் பெருகினால் மரங்களும் அவ்வளவுக்குப் பெருக்கும் என்று நம்புவோர் பலர். அமெரிக்காவின் தெனசி மாநிலத்து ஓக் ரிட்ஜில், 1998 முதல் சுவீற்கம் மரங்களுக்கு அவ்வாயுவை மிகுதியாக ஊட்டினர். கூடுதலாய்க் கிடைத்த காபனிற் பெரும்பகுதி அடிமரத்திற் சேராது மெல்லிய வேர்களுக்கே சென்றது. தொடக்கத்தில் 24 வீதமாயிருந்த வளர்ச்சி மிகுதியும், மண்ணில் நைதரசன் போதாமையால், 2008 இல் 9 வீதமாயிற்று. சிட்னிக்கு அண்மையிலுள்ள முதிர்ந்த யூக்கலிப்ரசுக் காட்டின் முடிவு 2020 இல் வெளியாயிற்று. பொசுபரசு குறைந்த அந்நிலத்தில், மரங்கள் கூடுதலாய் உள்வாங்கிய காபனிற் பெரும்பங்கு காற்றுக்கே திரும்பியது. அந்த மிகுதியிற் பாதியளவை மண்ணின் சுவாசமே வெளிவிட்டது. அடிமரங்களோ குறிப்பிடத்தக்க அளவு பருக்கவில்லை.