உறையாத ரத்தம்

1990 செப்டம்பரில் அமெரிக்காவில் 4 வயதுச் சிறுமி ஒருத்திக்கு மரபணு சிகிச்சை செய்தார்கள். நோய் எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் பிறந்த குழந்தை. அவளுடைய வெள்ளை அணுக்களை வெளியே எடுத்து, குறைந்திருந்த மரபணுவை ஒரு வைரஸ் மூலம் ஏற்றித் திரும்பச் செலுத்தினார்கள். அந்தச் செய்தியை நான் கத்தரித்து வைத்ததற்குக் காரணம் உண்டு. என் அக்கா மகனுக்கு ஹீமோபிலியா. ரத்தத்தை உறைய வைக்கும் ஃபேக்டர் 8 அவனுக்குச் சுரக்காது. லேசாக இடித்துக்கொண்டாலே முட்டிக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளும்.

தாய் வழியாக வந்து பெரும்பாலும் மகன்களைத் தாக்கும் நோய். அக்காவைச் சொந்தக்காரர்கள் பேசிய பேச்சு கொஞ்சமல்ல. விக்டோரியா மகாராணி வழியாக ரஷ்ய அரண்மனை வரை போன நோய் இது (அவர்களுடையது ஃபேக்டர் 9 குறைபாடு) என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். யார் காதிலும் ஏறவில்லை.

ஃபேக்டர் 8 மரபணுவை 1984-லேயே பிரித்தெடுத்துவிட்டார்கள். ஆனால் அது மிகப் பெரியது. சின்ன வைரஸுக்குள் அதை ஏற்றுவது தீப்பெட்டிக்குள் போர்வையைத் திணிப்பது போல. நடுவில் ஒரு பெரும் பகுதியை வெட்டித்தான் ஏற்ற முடிந்தது.

பிறகு 1999. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயதுப் பையன் ஒரு பரிசோதனைக்குத் தானாக முன்வந்தான். அவனுக்கு இருந்த கல்லீரல் கோளாறு உணவுக் கட்டுப்பாட்டிலும் மாத்திரையிலும் ஓரளவு அடங்கியிருந்தது. வைரஸைச் செலுத்திய நாலாம் நாள், செப்டம்பர் 17, இறந்துபோனான். விசாரணையில் விதிமீறல்கள் வெளிவந்தன. அடுத்த சில ஆண்டுகளில் பாரிஸில் மரபணு சிகிச்சையால் பிழைத்த குழந்தைகள் சிலருக்கு, அந்தச் சிகிச்சையாலேயே ரத்தப் புற்றுநோய் வந்தது. செருகிய மரபணு போய் உட்கார்ந்த இடம் அப்படி. இந்தத் துறை எழுந்து நிற்க வெகுகாலம் ஆனது.

2022-ல் ஃபேக்டர் 9 குறைபாட்டுக்கு ஒரு மரபணு மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. விலை 35 லட்சம் டாலர்! நம்மவர்களுக்கு அது வெறும் செய்திதான்.

அதனால்தான் 2024 டிசம்பரில் வந்த வேலூர் சி.எம்.சி.யின் ஆய்வுக் கட்டுரையை நான் மூன்று தடவை படித்தேன். அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து செய்தது. கடுமையான ஹீமோபிலியா உள்ள 5 பேர். வைரஸை நேரடியாக உடலில் ஏற்றவில்லை. ரத்த மூல அணுக்களை வெளியே எடுத்து, லென்டிவைரஸ் மூலம் மரபணுவை ஏற்றி, கீமோதெரபி கொடுத்து, திரும்பச் செலுத்தியிருக்கிறார்கள். அந்த மரபணுவில் பன்றியின் துண்டுகளும் உண்டு, அதிகம் சுரப்பதற்காக. அதன் பிறகு, கட்டுரை வெளிவரும் வரை, 5 பேருக்கும் ரத்தக்கசிவு இல்லை.

எச்.ஐ.வி.யும் ஒரு லென்டிவைரஸ்தான். 1980-களில் ஃபேக்டர் மருந்து வழியாக உலகெங்கும் ஆயிரக்கணக்கான ஹீமோபிலியாக்காரர்களுக்கு எமனாக வந்தது அது. இப்போது அதே குடும்பம் மருந்து சுமக்கிறது.

5 பேர் என்பது சிறு எண்ணிக்கை. பாரிஸ் அனுபவத்துக்குப் பிறகு பல ஆண்டுகள் கண்காணிக்காமல் யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது என் எண்ணம். கீமோதெரபியும் விளையாட்டல்ல.

கட்டுரையை மருமகனுக்கு அனுப்பினேன். வயது ஐம்பதை நெருங்குகிறது, இரண்டு முட்டியும் மடங்காது. "இது முட்டியைச் சரி பண்ணாதே மாமா" என்றான். பண்ணாதுதான். அவன் மகள் கல்லூரியில் படிக்கிறாள். தகப்பனுக்கு இருந்தால் மகளிடம் அந்த மரபணு நிச்சயம் இருக்கும். அவளுக்குப் பிறக்கும் பையனுக்குப் பாதிக்குப் பாதி. அன்று இரவே கட்டுரையை அவளுக்கு அனுப்பிவிட்டானாம்.