சென்னைக் குடிநீர் ஏரிகள்: சேமிப்பும் வழங்கலும்

சென்னை நகருக்கு வற்றாத ஆறு எதுவும் இல்லை. வடகிழக்குப் பருவமழையின் சில வாரங்களில் கிடைக்கும் நீரைப் பிடித்து வைத்தே ஆண்டு முழுவதும் குடித்தாக வேண்டும். ஆகவே இந்நகரின் குடிநீர் வரலாறு பெரும்பாலும் ஏரிகளின் வரலாறாகவே உள்ளது.

18ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி கோட்டையின் தேவைக்காகக் கிணறுகளை வெட்டியது. இன்றைய ஏழுகிணறு பகுதியின் பெயர் அதன் எச்சம். நகர மக்களோ கோயில் குளங்களையும் வீட்டுக் கிணறுகளையும் நம்பியிருந்தனர். 1866இல் பொறியாளர் பிரேசர் ஒரு திட்டம் தந்தார். கொசஸ்தலையாற்றின் குறுக்கே தாமரைப்பாக்கத்தில் அணைக்கட்டு கட்டி, நீரைக் கால்வாய் வழியே சோழவரம் ஏரிக்கும் அங்கிருந்து செங்குன்றம் (புழல்) ஏரிக்கும் திருப்புவது அதன் சாரம். இரண்டும் முன்பே இருந்த பாசன ஏரிகள்தான். 1872 முதல் செங்குன்றத்து நீர் திறந்த மண் கால்வாயில் கீழ்ப்பாக்கம் வந்து, அங்கிருந்து இரும்புக் குழாய்களில் நகருக்குள் சென்றது. எல்லாம் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் தானே ஓடும் முறை. ஆனால் வடிகட்டப்படாத நீர். வழியில் கால்வாயில் என்ன கலந்ததோ அதுவும் குழாயில் வந்தது.

இதை மாற்றியவர் ஜே. டபிள்யூ. மேட்லி. திறந்த கால்வாய்க்குப் பதிலாக மூடிய கட்டுமானக் கால்வாய், கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள், தரைக்கடியில் தூய நீர்த்தேக்கம், நீரை மேலேற்றும் நீராவி இயந்திரங்கள் ஆகியவை 1914இல் செயல்பாட்டுக்கு வந்தன. 1961இல் நகரின் மக்கள்தொகை 6.6 லட்சமாக இருக்கும் என்று கணித்து, தலைக்கு நாளொன்றுக்கு 25 காலன் வீதம் இது வடிவமைக்கப்பட்டது. ஏறத்தாழ அரை நூற்றாண்டை முன்னோக்கித் திட்டமிட்டது பெரிய செயல்தான். ஆனால் 1961 கணக்கெடுப்பில் நகரில் 17 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர்.

பற்றாக்குறை அதற்கு வெகு முன்பே தெரிந்துவிட்டது. 1939இல் மேயரான சத்தியமூர்த்தி, கொசஸ்தலையாற்றில் பூண்டியில் நீர்த்தேக்கம் கட்ட வற்புறுத்தினார். போர்க்காலத்திலேயே 1940இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1944இல் பணி முடிந்தது. அதைக் காண அவர் இல்லை, 1943இல் மறைந்துவிட்டார். நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. பூண்டி நீர் முதலில் ஆற்று மணலிலேயே தாமரைப்பாக்கம் வரை ஓடியதால் வழியில் வீணானது. 1972இல் இணைப்புக் கால்வாய் வந்த பிறகே அந்த இழப்பு குறைந்தது. சேமிப்பதும் கொண்டுசேர்ப்பதும் தனித்தனி வேலைகள் என்பதை நகரம் இப்படித்தான் கற்றது.

1978இல் குடிநீருக்கும் கழிவுநீருக்கும் தனி வாரியம் அமைந்தது. 1983 உடன்பாட்டின்படி கிருஷ்ணா நீர் கண்டலேறு-பூண்டி கால்வாய் வழியே 1996இல் வந்தது. 2004இல் வீராணம் நீரும், 2010இல் மீஞ்சூர் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் நீரும் சேர்ந்தன.

நிர்வாகத்தின் கடினமான பகுதி கட்டுவதில் இல்லை, மதகைத் திறக்கும் நேரத்தில் இருக்கிறது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கின் மொத்தக் கொள்ளளவு 11,257 மில்லியன் கன அடி. நவம்பர் இறுதியில் ஏரி ஏறக்குறைய நிரம்பியிருந்தால், பொறுப்பாளர் முன்னால் இரண்டு அச்சங்கள் நிற்கும். நீரைத் திறந்துவிட்டபின் மழை நின்றுவிட்டால் கோடையில் குடிக்க நீர் இராது. திறக்காமல் இருந்து பெருமழை பெய்தால் கரை தாங்காது. 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் செம்பரம்பாக்கத்திலிருந்து 2015 டிசம்பர் முதல் நாள் இரவு நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. அடையாற்றின் கரையோரப் பகுதிகள் மூழ்கின, பலர் உயிரிழந்தனர். படிப்படியாக முன்பே திறந்திருக்கலாமே என்ற கேள்வி எழுந்தது. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கையும் ஏரி கையாளப்பட்ட முறையைக் குறைகூறியது. மழையளவு முன்னறிவிப்பும் ஏரியின் நீர்வரத்துக் கணக்கும் ஒரே மேசைக்கு வந்து சேராவிட்டால், எவ்வளவு அனுபவமுள்ள பொறியாளரும் ஊகத்தையே நம்ப நேரும்.

நான்கே ஆண்டுகளில் மறுமுனை வந்தது. முந்தைய பருவமழை பொய்த்ததால் 2019 கோடையில் நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டன. அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரி நீர் வில்லிவாக்கம் வந்து இறங்கியது. அங்கிருந்து குழாய் வழியே அது போன இடம், மேட்லி காலத்திலிருந்து நகரின் நீரைச் சுத்திகரித்துவரும் அதே கீழ்ப்பாக்கம் நிலையம்.