24 பக்க வட்டம்: எளிமையும் துல்லியமும் பிரிந்த கதை

ஸ்கெட்ச்அப் என்கிற எளிய மென்பொருளில் ஒரு வட்டம் போடுகிறோம். திரையில் வட்டமாகத்தான் தெரிகிறது. உண்மையில் அது 24 பக்கங்கள் கொண்ட பலகோணம். (பக்கங்களைக் கூட்டிக்கொள்ளலாம்; என்றாலும் பலகோணம் பலகோணந்தான்.) 100 மி.மீ. விட்டமென்றால் ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் கிட்டத்தட்ட 0.43 மி.மீ. உள்வாங்கியிருக்கும். நாடக மேடைக்குத் தூண் செய்ய இது போதும். பேரிங் பொருத்த உதவாது. அங்கே மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூடக் கணக்கு. பொறியியல் 'கேட்' அமைப்புகளோ வட்டத்தை மையம், ஆரம் எனக் கணிதமாகவே வைத்திருக்கின்றன. 'இது விளையாட்டுச் சாமான், அது தொழிற்கருவி' என்று பொறியாளர்கள் சொல்வது இதனால்தான். மேடை அமைப்புகளை ஸ்கெட்ச்அப்பில் வரைந்து பார்க்கிற நான் இதை மறுக்கவில்லை. என் கேள்வி வேறு: எளிமையும் துல்லியமும் ஏன் இரண்டு முகாம்களாகப் பிரிந்தன?

தொடக்கத்தில் அவை பிரிந்திருக்கவில்லை. 1963இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் முனைவர் பட்டத்துக்காக உருவாக்கியது ஸ்கெட்ச்பேட். ஒளிப்பேனாவால் கோணல்மாணலாகக் கிறுக்கிவிட்டு, 'இவ்விரு கோடுகளும் இணையாக இருக்கட்டும்' என்று கட்டளையிட்டால் இணையாக்கித் தந்தது. கையின் சுதந்திரமும் கணக்கின் கறாரும் ஒரே இடத்தில். ஆனால் யாருடைய இடம்? அது ஓடிய டி.எக்ஸ்-2 கணினி, ராணுவப் பணத்தில் இயங்கிய லிங்கன் ஆய்வகத்துடையது.

பிறகு துல்லியம் பெருமூலதனத்தின் வீட்டிலேயே வளர்ந்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஐ.பி.எம்.மும் சேர்ந்து டாக்-1ஐ 1964இல் வெளிக்காட்டின. போர்விமானம் கட்டும் தஸ்ஸோ 1977இல் காட்டியாவைத் தொடங்கியது. 1994இல் பறந்த போயிங் 777 அதில் வடிவமைக்கப்பட்டதுதான். 1982இல் சிறு கணினிகளுக்கென ஆட்டோகேட் 1,000 டாலருக்கு வந்து கதவை ஓரளவு திறந்தது. 1995இல் மேசைக் கணினிக்கு வந்த சாலிட்வொர்க்ஸை இரண்டே ஆண்டில் தஸ்ஸோ வாங்கிக்கொண்டது. திறந்த கதவுக்கும் ஓர் உரிமையாளர் வந்துவிடுகிறார்.

ஸ்கெட்ச்அப்பின் கதையும் இதுதான். 2000இல் அமெரிக்காவின் போல்டர் நகரில், 'முப்பரிமாணம் எல்லோருக்கும்' என்ற முழக்கத்தோடு வந்தது. ஒரு முகத்தைப் பிடித்து இழுத்தால் பெட்டியாக எழும்பும். அந்தச் சின்ன வித்தைக்கு 2003இல் காப்புரிமை! 2006இல் கூகிள் வாங்கி, ஒரு பதிப்பைக் காசில்லாமல் கொடுத்தது. சும்மாவா? கூகிள் எர்த்துக்குக் கட்டிடங்கள் வேண்டியிருந்தன. ஆர்வலர்கள் கூலியில்லாமல் கட்டித் தந்தார்கள். வரைந்ததைப் பொறியாளர்களின் டி.டபிள்யூ.ஜி. கோப்பாக ஏற்றுமதி செய்ய வேண்டுமென்றால் மட்டும் காசு கொடுத்துத் தொழிற்பதிப்பு வாங்க வேண்டும். ஆக இரு முகாம்களுக்கும் நடுவிலிருந்த சுவர் தொழில்நுட்பம் மட்டுமல்ல, வணிகமும் எழுப்பியது. 2012இல் வான்படங்களிலிருந்து கட்டிடங்களைத் தானாக உருவாக்கும் முறையைக் கூகிள் அறிவித்தது. அதே ஆண்டு ஸ்கெட்ச்அப்பை டிரிம்பிளுக்கு விற்றது. காசில்லா மேசைப்பதிப்பு 2017ஓடு நின்றது; மிஞ்சியது உலாவியில் ஓடும், வசதி குறைந்த ஒன்று. ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளும் உரிமத்தை விற்பதும் 2020இல் முடிந்தது. இனி சந்தாதான். வாடகை கட்டினால் வரையலாம்.

எளிமையை விடுதலை என்று எண்ணுவது இங்கேதான் இடறுகிறது. எளிமை கற்றுக்கொள்ளும் சிரமத்தைக் குறைக்கிறது. உடைமை யாருடையது என்பதைத் தொடுவதேயில்லை. மறுபக்கம், ஃபிரீகேட். 1999இல் பிரான்ஸின் மாத்ரா டேட்டாவிஷன் திறந்துவிட்ட வடிவக் கணித நிரலின் மேல் தன்னார்வலர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கட்டி, 2024 நவம்பரில் 1.0 பதிப்பை வெளியிட்டார்கள். அதில் வட்டம் வட்டமாகவே இருக்கிறது, விலையுமில்லை. ஆனால் கற்பது லேசில்லை, ஸ்கெட்ச்அப்பின் அந்தக் கைச்சுகம் அதில் கிடையாது.

அப்படியானால் துல்லியம் விலையோடு பிறந்ததல்ல. கையின் சுதந்திரம், கணக்கின் கறார் இரண்டையும் 1963லேயே ஒரு மாணவரால் சேர்க்க முடிந்தது. பொதுவுடைமையாக அவற்றை மறுபடி சேர்ப்பது பொறியாளர்களின் வேலை மட்டும்தானா? அந்தக் கருவியால் வரையப்போகிற நாமெல்லாம் எங்கே நிற்கிறோம்?