ஸ்லைடு ஃபிலிம்: வாங்க முடிகிறது, கழுவித் தர ஆள் எங்கே?

2010 டிசம்பர் கடைசி வாரம். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் பார்சன்ஸ் என்று ஒரு சின்ன ஊர். அங்கே டுவெய்ன்ஸ் ஃபோட்டோ என்ற குடும்ப லேபின் வாசலில் அர்கன்சாஸிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு வந்து நின்றார் ஒரு ரயில்வே ஊழியர். கொடுத்திருந்த 1,580 ரோல் ஃபிலிமும் கழுவி ரெடியாக இருந்தது. பில் 15,798 டாலர். அதாவது ஒரு ரோலுக்குச் சராசரியாக 10 டாலர். அத்தனை ரோலிலும் இருந்தது ஒரே விஷயம்தான்: ரயில். கிட்டத்தட்ட 50,000 ரயில் படங்கள்.

நியூயார்க் டைம்ஸ் அப்போது எழுதிய செய்தியில் வரும் காட்சி இது. பின்னாளில் வந்த ‘கோடக்ரோம்’ படத்துக்குக் கருவும் அந்தச் செய்திதான். அவர் ஏன் அத்தனை ரோலை ஒரே மூச்சில் கொடுத்தார்? வேறு வழியில்லை. கோடக்ரோம் ஃபிலிமைக் கழுவ உலகத்திலேயே மிச்சம் இருந்த ஒரே லேப் அது. டிசம்பர் 30 மதியத்துக்குள் வந்து சேரும் ரோல்கள் மட்டுமே கழுவப்படும் என்று அவர்கள் தேதி குறித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்தால்? ரோல் இருக்கும், படம் இருக்காது. அவ்வளவுதான்.

இந்தக் கதை இப்போது எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. ஃபிலிம் கேமரா திரும்பவும் ஃபேஷனாகியிருக்கிறது. தாத்தாவின் பழைய கேமராவைத் தூசி தட்டி எடுத்தவர்களும், ஆன்லைனில் ஒன்றைத் தேடி வாங்கியவர்களும் ஒரு கட்டத்தில் ஸ்லைடு ஃபிலிமில் வந்து நிற்பார்கள். வாங்கிவிடலாம், படமும் எடுத்துவிடலாம். பிரச்சினை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும்.

ஸ்லைடு என்றால் என்ன?

நம் வீட்டு ஆல்பங்களில் இருப்பது பெரும்பாலும் நெகட்டிவ் ஃபிலிமிலிருந்து போட்ட பிரிண்ட். நெகட்டிவில் நிறங்கள் தலைகீழாக இருக்கும். அதிலிருந்து பிரிண்ட் போட்டால்தான் முகம் முகமாகத் தெரியும். ஸ்லைடு அப்படி இல்லை. கேமராவுக்குள் போன அதே ஃபிலிம், கழுவி முடித்ததும் நேரான நிறத்தில் வந்துவிடும். சன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாலே படம் தெரியும். 36 துண்டுகளாக வெட்டி, இரண்டு அங்குலச் சட்டத்துக்குள் மாட்டி, புரொஜெக்டரில் போட்டுச் சுவரில் பார்ப்பார்கள்.

பத்திரிகை அலுவலகங்களில் இதற்குப் பெயர் டிரான்ஸ்பரன்சி. அட்டைப்படம், காலண்டர், சுற்றுலா விளம்பரம் எல்லாவற்றுக்கும் அச்சகத்தார் கேட்டது இதைத்தான். அசல் நிறம் என்னவென்று வாதாட வேண்டியதில்லை, கையில் இருக்கும் துண்டே சாட்சி. இந்தியாவை வண்ணத்தில் படம்பிடித்தவர்களில் முக்கியமானவரான ரகுபீர் சிங் வேலை செய்ததும் கோடக்ரோமில்தான்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. நெகட்டிவில் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூடக் குறையக் கணித்தாலும் பிரிண்ட் போடும்போது சரிசெய்துவிடலாம். ஸ்லைடில் அரை ஸ்டாப் தவறினாலே கண்ணில் படும். எடுப்பவருக்கும் மன்னிப்பு இல்லை, கழுவுபவருக்கும் இல்லை.

கோடக்ரோம் ஏன் நின்றது?

கோடக்ரோமைக் கண்டுபிடித்தவர்கள் லியோபோல்ட் மேன்ஸ், லியோபோல்ட் கோடோவ்ஸ்கி. இருவருமே இசைக்கலைஞர்கள் என்பது ஒரு சுவாரசியம். 1935ல் சினிமா ஃபிலிமாகவும், அடுத்த ஆண்டு ஸ்டில் கேமராவுக்கும் அது வந்தது.

அதன் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருந்தன. இன்றைய ஸ்லைடு ஃபிலிமில், நிறச்சாயமாக மாறப்போகும் வேதிப்பொருள் ஃபிலிமுக்குள்ளேயே இருக்கும். கோடக்ரோமில் அது கிடையாது. ஃபிலிம் அடிப்படையில் மூன்று அடுக்குக் கருப்பு வெள்ளைதான். நிறம் முழுக்க லேபில் சேர்க்கப்பட்டது. சிவப்பு வெளிச்சம் காட்டி ஓர் அடுக்கு, நீல வெளிச்சம் காட்டி இன்னொன்று, மூன்றுக்கும் தனித்தனி டெவலப்பர். அதனால்தான் அந்த ஸ்லைடுகள் இருட்டில் வைத்தால் பல பத்தாண்டுகள் நிறம் மாறாமல் நிற்கின்றன. அதனால்தான் அதைக் கழுவப் பெரிய மெஷினும், பக்கத்திலேயே வேதியியல் தெரிந்த ஆளும் தேவைப்பட்டார்கள். வீட்டுக் குளியலறையில் வைத்துச் செய்கிற வேலையில்லை.

தொடக்கத்தில் அமெரிக்காவில் ஃபிலிம் விலையிலேயே கழுவும் கூலியும் சேர்ந்திருந்தது. எடுத்து முடித்ததும் கோடக்குக்கே தபாலில் அனுப்ப வேண்டியதுதான். ஃபிலிமையும் கழுவுவதையும் இப்படிச் சேர்த்து விற்கக் கூடாது என்று 1954ல் ஏகபோக எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் ஒரு நீதிமன்ற உடன்பாடு வந்தது. தனியார் லேப்களுக்கும் கதவு திறந்தது. டுவெய்ன்ஸ் 1956ல் தொடங்கியது.

உச்சத்தில் இருந்த காலத்தில் கோடக்ரோமைக் கழுவ உலகம் முழுக்கவே சுமார் 25 லேப்கள்தான் இருந்தன என்கிறது அதே நியூயார்க் டைம்ஸ் செய்தி. அமெரிக்காவில் கோடக் நடத்திய கடைசி லேப் மூடியது. அடுத்து ஜப்பான், அடுத்து சுவிட்சர்லாந்து. மிஞ்சியது பார்சன்ஸ். 2009 ஜூனில் கோடக் ஃபிலிம் தயாரிப்பையே நிறுத்தியது.

கடைசியாகத் தயாரான ரோல்களில் ஒன்றை ஸ்டீவ் மெக்கரி கேட்டு வாங்கினார். நேஷனல் ஜியாகிரஃபிக் 1985 ஜூன் அட்டையில் வந்த ஆப்கன் சிறுமியைக் கோடக்ரோமில் எடுத்தவர். கையில் இருந்ததோ 36 படம் மட்டும். நியூயார்க்கில் ராபர்ட் டி நீரோவை எடுத்தார். பிறகு நேராக இந்தியா வந்தார். மும்பையில் அமிதாப் பச்சன், ஆமிர் கான், நந்திதா தாஸ். ராஜஸ்தானில் ரபாரி மக்கள். கடைசிப் படத்தைப் பார்சன்ஸ் ஊர் மயானத்தில் எடுத்துவிட்டு, 2010 ஜூலையில் ரோலை லேபில் தன் கையாலேயே கொடுத்தார்.

இப்போது இருப்பது ஈ-6

இன்று கடையில் கிடைக்கும் வண்ண ஸ்லைடு ஃபிலிம், கோடக் எக்டாக்ரோம் ஆனாலும் ஃபியூஜியின் வெல்வியா, ப்ரோவியா ஆனாலும், ஈ-6 என்ற ஒரே முறையில்தான் கழுவப்படுகிறது. 1970களின் நடுவில் வந்த முறை இது.

முதலில் ஃபிலிமைச் சாதாரணக் கருப்பு வெள்ளை நெகட்டிவாகவே கழுவுவார்கள். இது முதல் டெவலப்பர், 38 டிகிரி செல்சியஸில் 6 நிமிடம். வெளிச்சம் பட்ட வெள்ளி உப்பு இங்கே கறுத்துவிடும். பட்டிராத மிச்ச உப்பை அடுத்த தொட்டி ‘வெளிச்சம் பட்டது போல’ ஆக்கும். தலைகீழ் நேராகும் இடம் அதுதான். மூன்றாவது கலர் டெவலப்பரில் அந்த மிச்சம் கறுக்கும்போது கூடவே நிறச்சாயம் உருவாகும். பிறகு பிளீச், ஃபிக்ஸர் என்று வெள்ளி முழுவதையும் கரைத்து வெளியேற்றினால் சாயம் மட்டும் ஃபிலிமில் நிற்கும். கடைசி அலசலையும் சேர்த்தால் மொத்தம் 7 தொட்டி, நடுநடுவே தண்ணீர்க் கழுவல் வேறு.

முதல் டெவலப்பரில் வெப்பம் 0.3 டிகிரிக்கு மேல் ஏறக்கூடாது, இறங்கவும் கூடாது என்பது கோடக் வகுத்த அளவு. மே மாதச் சென்னையில் குழாய்த் தண்ணீரே எப்படி வருகிறது என்று நமக்குத் தெரியும். ஏற்றுவது ஒரு பாடு, ஒரே அளவில் நிறுத்துவது இன்னொரு பாடு.

ஆனால் லேப்கள் கைவிட்டதற்கு வெப்பம் காரணமில்லை, எண்ணிக்கைதான் காரணம். நிரப்பி வைத்த தொட்டி ஃபிலிம் வந்தாலும் வராவிட்டாலும் காற்றுப் பட்டுக் கெட்டுக்கொண்டே இருக்கும். நாள்தோறும் ரோல் வந்தால் பயன்பட்டதற்கு ஈடாகப் புதுக் கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்த்துச் சமநிலையில் வைக்கலாம். வாரத்துக்கு நாலு ரோல் வந்தால்? மாவு அரைத்து வைத்த இட்லிக் கடைக்கு ஆள் வராத கதைதான். பழையதை ஓட்டினால் நிறம் கெடும், கொட்டினால் காசு போச்சு. நம்மூர் ஸ்டூடியோக்களில் இருந்த மெஷின்கள் சி-41 என்ற நெகட்டிவ் முறைக்கானவை. அதில் தொட்டிகளும் குறைவு, வரிசையும் வேறு. அதையே ஈ-6க்கு மாற்றிக்கொள்ள முடியாது.

லேப் மூடினால் ஃபிலிம் விற்காது, ஃபிலிம் விற்காவிட்டால் இன்னொரு லேப் மூடும். இந்தச் சுழலில்தான் 2012ல் கோடக் எக்டாக்ரோமையும் நிறுத்தியது. திரும்பக் கொண்டுவருவதாக 2017 ஜனவரியில் அறிவித்தார்கள், 2018ல் வந்தது. ஆறு ஆண்டுகள் கோடக் பெயரில் புதிய ஸ்லைடு ஃபிலிமே இல்லை.

ஃபிலிம் திரும்பினால் மட்டும் போதாது என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. எச்பிஓவின் ‘யூஃபோரியா’ இரண்டாம் சீசனுக்காக கோடக் 35 எம்எம் சினிமா எக்டாக்ரோமைத் தயாரித்துக் கொடுத்தது. அதைக் கழுவ, ஃபோட்டோகெம் லேப் தன் அமைப்பில் ஒரு பகுதியையே ஈ-6க்கு மாற்ற வேண்டியிருந்தது. ஹாலிவுட் பட்ஜெட் இருந்தால் லேபையே மாற்றிவிடலாம். நமக்கு?

இந்தியாவில் இருந்தால் என்ன செய்யலாம்?

ஊட்டியில் இருந்த ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் பலருக்கு ஞாபகம் வரும். 1960ல் தொடங்கிய அந்த அரசு நிறுவனத்தின் ‘இந்து’ ஃபிலிம் அறியப்பட்டது கருப்பு வெள்ளையிலும் எக்ஸ்ரேயிலும்தான். ஸ்லைடுக்கு இன்றும் இறக்குமதிதான் வழி. பெருநகரங்களில் ஃபிலிம் பிரியர்களே நடத்தும் சின்ன லேப்கள் இருக்கின்றன. அதில் ஈ-6 எடுப்பவை கொஞ்சம்தான். பெயர்ப் பட்டியல் கொடுத்தால் அடுத்த வருடமே பொய்யாகிவிடும். எனவே, என்ன கேட்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதல் கேள்வி: நீங்களே கழுவுகிறீர்களா, வேறு ஊருக்கு அனுப்புகிறீர்களா? அனுப்புகிறார்கள் என்றால் தொலையும் வாய்ப்பு இரட்டிப்பு. எத்தனை ரோல் சேர்ந்ததும் கழுவுவீர்கள், கடைசியாக எப்போது கழுவினீர்கள் என்றும் கேளுங்கள். ரோல் சேரும்வரை காத்திருந்து புதுக் கரைசலில் மொத்தமாகக் கழுவுபவர் தாமதப்படுத்துவார், ஆனால் நிறம் ஒழுங்காக வரும். ‘எப்ப வேணாலும் கொடுங்க’ என்பவரிடம்தான் எனக்குச் சந்தேகம். கடைசியாக, கழுவிய ஃபிலிமைத் திருப்பித் தருவார்களா என்பதும் முக்கியம். ஸ்கேன் ஃபைலை மட்டும் வாங்கிக்கொள்வதாக இருந்தால் ஸ்லைடில் எடுத்ததற்கே அர்த்தமில்லை.

ரோலின் மேல் ‘ஈ-6’ என்று பெரிதாக எழுதிக் கொடுங்கள். கவனிக்காமல் சி-41ல் போட்டுவிட்டால் ஸ்லைடு வராது. நிறம் புரண்ட, கான்ட்ராஸ்ட் எகிறிய ஒரு நெகட்டிவ்தான் வரும். அதை வேண்டுமென்றே செய்யும் கலைஞர்கள் உண்டு. உங்கள் தங்கை கல்யாணத்தில் அது வேண்டாம்.

விமானத்தில் போனால் ரோலைச் செக்-இன் பெட்டியில் வைக்காதீர்கள். புதிய சிடி ஸ்கேனர் இருக்கும் நிலையங்களில் கைப்பையிலும் விடாமல், கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். கழுவாத ஃபிலிமை அந்த ஸ்கேனருக்குள் அனுப்ப வேண்டாம் என்று கோடக்கே சொல்கிறது.

வீட்டிலேயே கழுவலாமா? முடியும். 7 தொட்டியை 3 கரைசலாகச் சுருக்கிய கிட்கள் பொடியாகவும் திரவமாகவும் வருகின்றன. வெளிச்சம் புகாத டாங்க், சமையலுக்கு விற்கும் சூ-வீ ஹீட்டர், ஒரு வாளி, நல்ல தெர்மாமீட்டர் இருந்தால் போதும். கலந்துவிட்டால் கெடத் தொடங்கும் என்பது இங்கேயும் பொருந்தும். ஒரே ஒரு ரோலுக்காகக் கிட்டைப் பிரிக்காதீர்கள். நாலு நண்பர்களின் ரோல்களைச் சேர்த்து ஒரே வார இறுதியில் முடியுங்கள். முதல் முறை போடும் ரோல் தெருமுனையில் சும்மா எடுத்த படங்களாக இருக்கட்டும். கையுறையும் காற்றோட்டமும் அவசியம். சமையலறைப் பாத்திரத்தைத் தொடவே கூடாது.

அலமாரியில் பழைய ரோல் கிடைத்தால்

அவசரப்பட்டு எங்கும் கொடுத்துவிடாதீர்கள். முதலில் ரோலின் மேல் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். ஈ-6 என்றோ, ஃபியூஜியின் சிஆர்-56 என்றோ இருந்தால் இன்றும் கழுவலாம், இரண்டும் ஒன்றுதான். வெயிலிலும் ஈரத்திலும் கிடந்த அளவுக்கு நிறம் மங்கியிருக்கும், அதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். ஈ-4 என்று இருந்தால் அது பழைய எக்டாக்ரோம். ஈ-6ல் போடச் சொல்லாதீர்கள். அந்தச் சூட்டில் ஃபிலிமின் மேற்பூச்சே உரிந்து வரலாம்.

கே-14 அல்லது கே-12 என்று இருந்தால் கையில் இருப்பது கோடக்ரோம். அதன் நிறத்தை மீட்கும் வணிக லேப் இன்று உலகில் இல்லை. கருப்பு வெள்ளையாக மீட்கலாம், கனடாவின் ஃபிலிம் ரெஸ்க்யூ இன்டர்நேஷனல் அந்த வேலையைச் செய்கிறது. வண்ணத்திலேயே எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் பணம் கட்டும் முன் ஒரு மாதிரிப் படம் காட்டச் சொல்லுங்கள். முடிவெடுக்கும்வரை ரோலைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். மேலே என்ன ரோல், யார் எடுத்தது, எந்த வருடம் என்று ஒரு சீட்டு ஒட்டுங்கள். அதைச் சொல்ல வேண்டிய பெரியவர் வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.