பெரட்டும் கைக்கடிகாரமும்

புலாவ் செபாங் ரயில் நிலையத்தில் முதல்முறை இறங்குபவர்களுக்கு ஒரு சின்னக் குழப்பம் வரும். பெயர்ப்பலகையில் புலாவ் செபாங், தம்பின் என்று இரண்டு ஊர்ப்பெயர்கள். நிலையம் மலாக்கா மாநிலத்தில் இருக்கிறது. தம்பின் பட்டணம் நெகிரி செம்பிலானில். ஒரு காலத்தில் இங்கிருந்து மலாக்கா நகரம்வரை கிளைப் பாதை ஓடியது. ஜப்பானியர் அதன் தண்டவாளத்தைப் பெயர்த்து சயாம் – பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். போனது திரும்பவில்லை. மலாக்கா நகரத்துக்கு இன்றும் ரயில் கிடையாது.

தண்டவாளம் போன திசையில்தான் மலாயாத் தோட்டத் தமிழர்களும் போனார்கள்.

அண்மையில் அந்த நிலையத்தில், லீவில் வந்திருந்த ராணுவத் தம்பி ஒருவனைச் சந்தித்தேன். கையில் கறுப்புக் கடிகாரம். "மணி மட்டும் இல்லண்ணே. எவ்ளோ தூங்குனேன், நெஞ்சு எப்படி அடிக்குது, எல்லாத்தையும் சொல்லும்" என்றான். "யாருகிட்ட சொல்லும்?" என்று கேட்டேன். "எனக்குத்தான். இது நானே காசு போட்டு வாங்குனது" என்று சிரித்தான். அந்தக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை.

உடம்பைக் கணக்கெடுப்பது நமக்குப் புதிதல்ல. தோட்டத்தில் விடியுமுன்னே பெரட்டு. பேர் கூப்பிட்டால் குரல் கொடுக்கணும். கிராணி செக்ரோலில் குறிப்பார். அன்றைய கூலி அந்தக் குறியில் இருக்கிறது. காய்ச்சல் என்று நாம் சொன்னால் போதாது, தோட்டத்து டிரஸர் சொல்லணும். நம் உடம்பைப் பற்றிய கணக்கு எப்போதும் அடுத்தவர் புத்தகத்தில்தான் இருந்தது.

சயாம் பாதையில் இது உயிர்ப் பிரச்சினையானது. 415 கிலோமீட்டர், 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைத்தார்கள். நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள். 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். காலையில் இத்தனை ஆள் வேண்டும் என்று ஜப்பானியர் கேட்பார்கள். கைதிகளின் மருத்துவர்கள் ஒவ்வொரு நோயாளிக்காகவும் மல்லுக்கட்டுவார்கள். ஆஸ்திரேலிய மருத்துவர் 'வியரி' டன்லப் எழுதிய ரகசிய டைரி 1986இல் புத்தகமானது. யாருக்கு என்ன நோய், எத்தனை பேரை வேலைக்கு இழுத்தார்கள் என்று அதில் பதிந்திருக்கிறது. அவர் எடுத்த கணக்கு நோயாளியின் பக்கம் நின்றது.

நம் ஆட்களுக்கு அப்படி ஒரு டைரி இல்லை. ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் என்கிறார்கள். இறந்தவர்கள் 90,000 இருக்கலாம் என்கிறார்கள். பட்டாளத்து எண் கிடையாது, தங்களுக்காகப் பேச அதிகாரி கிடையாது. 1943இல் காலரா அவர்களுடைய முகாம்களை வாரிக்கொண்டு போனது. காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் கைதிகளுக்கு 6,982 கல்லறைகள். நம்மவர்களின் சாவு 'சுமார்' என்ற ஒரே சொல்லுக்குள் புதைந்து கிடக்கிறது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் அந்தச் சொல்லைத் தோண்டிப் பார்த்தவை.

போருக்குப் பிறகு ராணுவங்கள் சிப்பாயின் உடலை வேறு விதமாகக் கவனிக்கத் தொடங்கின. அமெரிக்க மரைன் பயிற்சி முகாம்களில் பலர் வெயிலில் சுருண்டு விழுந்தார்கள். யாக்லோ, மினார்டு இருவரும் வெப்பம், ஈரப்பதம், காற்று, வெயில் நான்கையும் சேர்த்துப் பார்க்கும் அளவுமுறையை முன்வைத்து 1957இல் எழுதினார்கள். அந்த அளவு எல்லை தாண்டினால் பயிற்சியைக் குறைக்க வேண்டும். அது மைதானத்தை அளந்தது. இன்றைய கருவி ஆளை அளக்கிறது. நாடித்துடிப்பு ஏறும் விதத்தை வைத்தே உடலின் உள்வெப்பத்தைக் கணிக்கும் வழியை அமெரிக்க ராணுவ ஆய்வாளர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். நம்ம ஊர் வெயிலில் மூட்டை சுமந்து ஓடும் பையனுக்கு, விழுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் ஓர் எச்சரிக்கை வந்தால் அது பெரிய விஷயம். அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

ஆனால் அளந்தது அளந்த இடத்தில் நிற்பதில்லை. 2017 நவம்பரில் ஸ்ட்ராவா செயலி, தன் பயனர்கள் ஓடிய பாதைகளை உலக வரைபடமாக வெளியிட்டது. 2018 ஜனவரியில் ஓர் ஆஸ்திரேலிய மாணவர் அதில் ராணுவ முகாம்கள் பளிச்சென்று தெரிவதைக் காட்டினார். பாலைவன இருட்டில், சிப்பாய்கள் உடற்பயிற்சிக்கு ஓடிய தடமே முகாமைக் காட்டிக்கொடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், போர்க்களப் பகுதிகளில் இடங்காட்டும் வசதியை அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தடை செய்தது.

வெளியே கசிவது ஓர் ஆபத்து என்றால், உள்ளே மேலே போவது இன்னொன்று. நேற்று சரியாகத் தூங்காதவன், மனசு சரியில்லாதவன் என்ற பதிவு மருத்துவரிடம் போனால் ஓய்வு கிடைக்கலாம். பதவி உயர்வுக் கோப்புக்குப் போனால்? அதற்குப் பயந்தே ஒருவன் கடிகாரத்தைக் கழற்றி வைப்பான். அப்போது கருவி வாங்கிய காரணமே கெட்டுப்போகும்.

கணக்கே இல்லாததால் சயாமில் நம் ஆட்கள் பேரில்லாமல் போனார்கள். கணக்கு துரை கையில் மட்டும் இருந்ததால் தோட்டத்தில் காய்ச்சலோடும் பால் வெட்டினார்கள். அதனால் எண்ணவே வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது. அந்தத் தம்பிக்கு நாளை முகாமே ஒரு கடிகாரம் கொடுக்கலாம். கட்டிக்கொள்ளுமுன் அவன் கேட்க வேண்டியதை இங்கேயே எழுதி வைக்கிறேன்: இது யாருகிட்ட சொல்லும்? சொன்னதை நானும் பாக்கலாமா?