மேனியில் நிலைக்கும் நறுமணம்: காழகத்து அகில் முதல் ஆலயச் சந்தனம் வரை

திருக்கோயிலின் வாயிலைக் கடந்து உள்ளே அடியெடுத்து வைக்கும் அடியவரைத் திருவுருவக் காட்சிக்கும் முன்னதாக எதிர்கொண்டு அழைப்பது நறுமணமே ஆகும். சந்தனம், மலர், சாம்பிராணி, கற்பூரம் ஆகியவை ஒன்றாய்க் கலந்து எழும் அந்த மணம் மனத்தை ஒருமுகப்படுத்துகின்றது. இறைவழிபாட்டில் கந்தம், புட்பம், தூபம், தீபம், நைவேத்தியம் என ஐவகை உபசாரங்களைச் சான்றோர் வகுத்தனர். அவ்வைந்தனுள் முதல் மூன்றும் மணத்தைச் சார்ந்தவை என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இறைவனுக்குச் சாத்திய சந்தனத்தையே அடியவர் தம் நெற்றியிலும் மார்பிலும் பூசிக் கொள்கின்றனர். ஆதலால் மணப்பொருளைத் தேர்ந்தெடுத்தலும், அதனை மேனியில் நெடுநேரம் நிலைக்குமாறு அணிதலும் தமிழர்க்கு வெறும் ஒப்பனைக் கலையாக மட்டும் இருந்ததில்லை. அக்கலையின் வரலாற்றை ஆராயுமிடத்து, கமுந்திங் போன்ற ஊர்களில் வாழும் தமிழருக்குப் பெருமிதம் தரும் செய்தியொன்றும் வெளிப்படுகின்றது. தமிழர் விரும்பிப் பூசிய, புகைத்த மணப்பொருள்கள் பல இந்த மலாய்த் தீபகற்பத்திலிருந்தும் அதன் அண்டைத் தீவுகளிலிருந்தும் சென்றவை என்பதே அச்செய்தி.

பண்டைத் தமிழர் கண்ட முறை

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை, பருவத்திற்கேற்ப மணப்பொருள் மாறியதைக் காட்டுகின்றது. வெப்பக் காலத்தில் உடலைக் குளிர்விக்கச் சந்தனம் அரைத்துப் பூசினர். கூதிர்க் காலம் வந்ததும் சந்தனமும் அதனை அரைக்கும் வட்டக்கல்லும் பயனின்றிக் கிடந்தன. அப்பொழுது மகளிர் அகிற்புகையை நாடினர். காலமும் வெப்பமும் அறிந்து மணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்னும் அறிவு அன்றே அவர்களிடம் இருந்தது.

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை இன்னும் விரிவாகப் பேசுகின்றது. மாதவி நீராடிய நீர், பத்து வகைத் துவரும் ஐந்து வகை விரையும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நீராகும். நீராடிய பின் அவள் கூந்தலைப் புகையால் உலர்த்தி, அதன்பின் கத்தூரிக் குழம்பை ஊட்டினாள். முதலில் உடலைத் தூய்மை செய்தல், அடுத்து மெல்லிய மணத்தை ஊறச் செய்தல், பின்னர்ப் புகையூட்டல், இறுதியில் கனமான மணப்பொருளைச் சேர்த்தல் என்னும் வரிசை இதில் அமைந்துள்ளது. ஒன்றன்மேல் ஒன்றாக மணத்தை அடுக்கினால் அது நெடுநேரம் நிற்கும் என்று இன்றைய நறுமண வல்லுநர் கூறுவதும் இம்முறையையே ஆகும்.

கடாரத்தின் கொடை

சிலப்பதிகாரத்திற்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார், அகிலின் வகைகளை அருமணவன், தக்கோலி, கிடாரவன், காரகில் எனக் குறிப்பிடுகின்றார். இவற்றுள் கிடாரவன் என்பது கிடாரத்திலிருந்து, அதாவது இன்றைய கெடா மாநிலத்திலிருந்து வந்த அகில். தக்கோலி என்பது தீபகற்பத்தின் வடமேற்குக் கரையில் இருந்த தக்கோலத் துறைமுகத்தின் பெயரைத் தாங்கியது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பொருள்களுள் காழகத்து ஆக்கத்தையும் கூறுகின்றது. காழகம் என்பதற்குக் கடாரம் என்றே நச்சினார்க்கினியர் பொருள் கண்டார்.

கி.பி. 1025-ஆம் ஆண்டு வாக்கில் முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை கடாரத்தையும் தக்கோலத்தையும் வென்றதை அவனது மெய்க்கீர்த்தி பேசும். ஆயினும் படை வருவதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே வணிகர் வந்துவிட்டனர். கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் கண்டெடுக்கப்பட்ட கோயில் அடித்தளங்களும் மணிகளும் அத்தொடர்புக்குச் சான்று பகர்கின்றன.

மலாக்கா நீரிணையின் மறுகரையிலும் ஒரு சான்று உண்டு. சுமத்திராவின் பாருஸ் நகரை அடுத்த லோபு துவா என்னும் இடத்தில், கி.பி. 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் பொறித்த அக்கல்வெட்டு, மரக்கலத்தோர் செலுத்த வேண்டிய கட்டணத்தைக் கத்தூரியின் விலையை அளவாகக் கொண்டு பொன்னாகச் செலுத்தும்படி விதிக்கின்றது. பாருஸ் நகரமே கற்பூரத்திற்குப் பெயர் பெற்றது. மலாய் மொழியில் கற்பூரத்தைக் 'காப்பூர் பாருஸ்' என்று வழங்குவதும் அந்நகரின் பெயராலேயே ஆகும். சாம்பிராணியும் சுமத்திராவின் காடுகளில் வடியும் பிசினே.

இன்று பேராக்கிலும் கெடாவிலும் வாழும் தமிழரின் வரலாற்றை, ஈயச் சுரங்கத்தோடும் இரப்பர்த் தோட்டத்தோடும் மட்டுமே தொடங்குவோர் பலர். லாருட் பகுதியில் ஈயம் தோண்டும் தொழில் 1840-களில் தழைத்தது. 1874-ஆம் ஆண்டுப் பங்கோர் உடன்படிக்கைக்குப் பின்னர், கிளியான் பாரு என்று வழங்கிய சுரங்கப் பகுதி கமுந்திங் ஆயிற்று. தைப்பிங்கையும் போர்ட் வெல்ட் துறைமுகத்தையும் இணைத்த இருப்புப்பாதை 1885-ஆம் ஆண்டு சூன் முதல் நாள் திறக்கப்பட்டது. அதன்பின் தோட்டங்களுக்குத் தமிழர் பெருந்திரளாக வந்தனர். இவை யாவும் உண்மையே. எனினும், கூலி நாடி வந்த அத்தலைமுறைக்கு நெடுங்காலம் முன்னரே, இக்கடற்கரைகளின் மணப்பொருளை மதித்து விலை கொடுத்து வாங்கிய வணிகராகத் தமிழர் இங்கு வந்து சென்றனர் என்பதை இளைய தலைமுறையினர் மறத்தல் ஆகாது.

காயத்தில் பிறக்கும் மணம்

மலாய் மொழியில் 'காரு' என்று வழங்கப்படும் அகில், 'கராஸ்' மரத்தில் விளைவது. நலமாக வளர்ந்த கராஸ் மரத்தின் கட்டை வெளிறியது, மணமற்றது. மரம் காயமுற்று, அக்காயத்தில் பூஞ்சை நுழையும்பொழுது, தன்னைக் காத்துக்கொள்ள அம்மரம் கருநிறப் பிசினைச் சுரக்கின்றது. பல்லாண்டுகளில் அப்பிசின் ஊறிய பகுதியே அகிற்கட்டை. பிசின் மிகுந்த கட்டை நீரில் அமிழும். துன்பத்தைத் தாங்கிய இடத்திலிருந்தே மணம் பிறக்கின்றது என்பது அடியவர்க்கு ஓர் அரிய பாடமும் ஆகும்.

ஆனால் எந்த மரத்தில் அகில் உண்டு என்பதை வெளியிலிருந்து அறிதல் எளிதன்று. பேராசை கொண்டோர் அகில் இல்லாத மரங்களையும் வெட்டிச் சாய்த்தனர். ஆகவே 'அக்குவிலாரியா மலாக்கென்சிஸ்' என்னும் இம்மர இனம் 1995 முதல் சைட்டிஸ் எனப்படும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இடம்பெற்றது. 2005 முதல் அம்மரப் பேரினம் முழுவதுமே அக்கட்டுப்பாட்டிற்குள் வந்தது. இப்பொழுது தோட்டங்களில் கராஸ் மரங்களை நட்டு, மரத்தைத் துளைத்துப் பூஞ்சையைச் செலுத்தி அகிலை விளைவிக்கும் முறையும் நடைபெறுகின்றது.

சந்தனமும் புனுகும்

அகில் இம்மண்ணின் செல்வம் என்றால், சந்தனம் தாயகத்தின் செல்வம். சந்தன மரம் பிற மரங்களின் வேர்களிலிருந்து உணவில் ஒரு பகுதியைப் பெற்று வளர்வது. அதன் வைரம் பாயப் பல்லாண்டுகள் வேண்டும். மைசூரில் திப்பு சுல்தான் 1792-இல் சந்தனத்தை அரச மரமாக, அதாவது அரசுக்கே உரிய மரமாக அறிவித்தார். பெங்களூரில் 1916-ஆம் ஆண்டு அரசுச் சவர்க்காரத் தொழிலகம் தோன்றியதும் அச்சந்தன எண்ணெயின் வளத்தாலேயே.

சந்தனத்தின் அருமையை உணர்த்தும் திருத்தொண்டர் வரலாறு மதுரையில் வாழ்ந்த மூர்த்தி நாயனாருடையது. நாள்தோறும் சொக்கநாதப் பெருமானுக்குச் சந்தனம் அரைத்துத் தருவதைத் திருத்தொண்டாகக் கொண்டவர் அவர். நாட்டைக் கைப்பற்றிய கருநாட மன்னன் சந்தனம் கிடைக்காதவாறு தடுத்தான். சந்தனக் கட்டைக்கு முட்டு நேர்ந்தபொழுது, தம் முழங்கையையே கல்லில் வைத்துத் தேய்த்தார் நாயனார். பின்னர் அரசுரிமை அவரைத் தேடி வந்தது. அப்பொழுதும் திருநீறே அபிடேகப் பொருளாகவும், உருத்திராக்கமே அணிகலனாகவும், சடைமுடியே மணிமுடியாகவும் அமைய வேண்டும் என்றார் அவர். கட்டை இருந்தும் அரைப்பதற்கு நேரமில்லை என்று கூறும் இக்காலத்தவர் சிந்திக்க வேண்டிய வரலாறு இது.

புனுகு என்பது புனுகுப் பூனையின் சுரப்பியிலிருந்து கிடைப்பது. திருப்பதியில் வெள்ளிக்கிழமை அபிடேகத்திற்குப் பின் மூலவருக்குப் புனுகுத் தைலம் சாத்தும் வழக்கம் உண்டு. சவ்வாது என்னும் சொல், புனுகைக் குறிக்கும் 'ஸபாத்' என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது. மலாய் மொழியின் 'ஜெபாட்' என்பதும் அதே வேரைச் சார்ந்தது. புனுகின் மணத்திற்கு அடிப்படையான 'சிவெட்டோன்' என்னும் பொருளின் அமைப்பை 1926-இல் கண்டறிந்த லியோபோல்டு ரூஸிக்கா, 1939-இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார். அதன்பின் செயற்கை முறையில் இத்தகைய மணங்களைப் படைக்கும் வழி திறந்தது.

மணம் நிலைப்பது எவ்வாறு?

மணம் என்பது ஒரு பொருளின் நுண்துகள்கள் ஆவியாகி நாசியை அடைவதேயாகும். எலுமிச்சை போன்றவற்றின் இலேசான துகள்கள் விரைந்து பறந்துவிடும். சந்தனம், அகில், புனுகு ஆகியவற்றின் கனமான துகள்கள் மெல்ல மெல்லவே வெளிப்படும். சந்தன எண்ணெயில் ஏறத்தாழப் பாதியளவு உள்ள 'ஆல்பா சண்டலால்' இத்தகையது. கனமான மணப்பொருளோடு சேர்ந்த மலரின் மணமும் எளிதில் பறந்து விடாது. வட இந்தியாவின் கன்னோசி நகரில் செப்புக் கலத்தில் மலரைக் காய்ச்சி, அதன் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கி அத்தர் வடிப்பதும் இக்காரணம் பற்றியே.

மலேசியாவில் மழை மிகுந்த ஊர்களுள் தைப்பிங்கும் ஒன்று. அதனை அடுத்த கமுந்திங்கிலும் வெப்பமும் ஈரமும் வியர்வையும் மிகுதி. வெப்பம் மணத்தை விரைந்து ஆவியாக்கும். வியர்வை அதனைக் கழுவிவிடும். ஆகவே விழாக் காலங்களில் மணம் அணிவோர் பின்வருவனவற்றைக் கருத்தில் கொள்ளுதல் நன்று.

முதலாவதாக, மணப்பொருளை வாங்கும்பொழுது முகர்ந்த உடனே முடிவு செய்தல் கூடாது. மணிக்கட்டில் ஒரு துளி இட்டு, அரைமணி நேரம் கழித்து முகர்தல் வேண்டும். அப்பொழுது எஞ்சி நிற்பதே அதன் உண்மையான மணம். முதலில் மென்மையாகத் தோன்றி நெடுநேரம் நிற்பது நல்ல சந்தனத்தின் இயல்பு.

இரண்டாவதாக, நீராடி முடித்தவுடன், மேனி முற்றிலும் வறண்டு போவதற்கு முன் அணிதல் வேண்டும். வறண்ட தோலில் மணம் தங்காது. சிறிதளவு தேங்காய் எண்ணெய் தடவி, அதன்மேல் அத்தர் இட்டால் எண்ணெய்ப் பசை மணத்தைப் பற்றிக் கொள்ளும்.

மூன்றாவதாக, மணிக்கட்டு, கழுத்து, காதின் பின்புறம் ஆகிய இடங்களில் மெல்ல ஒற்றுதல் போதும். அழுத்தித் தேய்த்தால் எழும் வெப்பத்தால் இலேசான மணங்கள் விரைந்து கலைந்துவிடும். பட்டாடையில் எண்ணெய் படிந்தால் கறையாகும். ஆதலால் ஆடைக்குச் சாம்பிராணி அல்லது அகிற்புகை காட்டுதலே பண்டையோர் கண்ட நல்வழி. கூந்தலும் துணியும் புகையின் மணத்தை நெடுநேரம் தாங்கி நிற்கும்.

நான்காவதாக, சந்தனத்தூள் என்ற பெயரில் விற்பனவற்றுள் சாயமும் செயற்கை மணமும் சேர்ந்தவை உண்டு. அவை சிலருக்கு அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும். முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி ஒரு நாள் பார்த்த பின்னரே பயன்படுத்துதல் நலம். குழந்தைகளுக்கு இது மிகவும் இன்றியமையாதது. பூசையில் எரிக்கும் செயற்கைக் கற்பூரம் உண்ணத்தக்கதன்று. அதனைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைத்தல் கடமையாகும்.

ஆலயம் காக்க வேண்டிய மரபு

இன்று விலை மலிவான செயற்கைப் பொருள்கள் ஆலயங்களிலும் இல்லங்களிலும் இடம்பிடித்துள்ளன. உண்மைச் சந்தனமும் அகிலும் விலையேறி நிற்பதும், காட்டு மரங்கள் குறைந்து வருவதும் இதற்குக் காரணங்கள். எல்லா நாளும் உயர்ந்த பொருளையே பயன்படுத்துதல் எல்லார்க்கும் இயல்வதன்று. ஆயினும் திருவிழா நாளிலேனும் ஒரு சிறு சந்தனக் கட்டையைக் கல்லில் உரைத்து, கையால் அரைத்த சந்தனத்தை இறைவனுக்குச் சாத்தலாம். அவ்வாறு அரைக்கும் பணியில் இளைஞரையும் சிறுவரையும் ஈடுபடுத்தினால், கட்டையின் மணத்தையும் தூளின் மணத்தையும் வேறுபிரித்து அறியும் ஆற்றல் அவர்களுக்கு இயல்பாகவே வாய்க்கும்.

அதனோடு, ஆலய வளாகங்களில் இடமிருப்பின் ஒரு கராஸ் மரக்கன்றை நட்டு வளர்த்தலும் நற்பணியே. கடாரத்து அகிலைக் கப்பலேற்றிச் சென்று தமிழகத்தில் மணம் பரப்பினர் முன்னோர். அவர்தம் வழித்தோன்றல்கள் அம்மரத்தை அது பிறந்த மண்ணிலேயே நட்டுப் பேணுவது பழைய கடனைத் திருப்பிச் செலுத்துவதற்கு ஒப்பாகும்.

மேனியில் பூசிய மணம் சில நாழிகையே நிற்கும். அதனைப் பற்றிய அறிவோ கற்பிக்கும் அளவும் தலைமுறை தலைமுறையாய் நிற்கும். திருவருள் துணை நின்று அம்மரபு தழைக்க வேண்டும்.